வாரை இழுக்கும் கை

இதை எழுதும்போது என் சட்டைக்குள் ஒரு ஹார்னெஸ் இருக்கிறது. இரண்டு தோள்வார்கள் முதுகில் பெருக்கல் குறிபோல் குறுக்கே ஓடி, விலாவைச் சுற்றிவரும் மார்வாரில் வந்து சேர்கின்றன. முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பக்கிள்; இரண்டு விரலால் அழுத்தினால் 'டக்'கென்று விட்டுக்கொள்ளும். செல்போன் கோபுரம் ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சேஃப்டி பெல்ட்டின் சாயல் இருக்கும். ஆனால் யாரையும் விழாமல் பிடிப்பதற்காகச் செய்ததல்ல இது. உடம்பை ஒரே சீராக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் இதன் வேலை.

இதை எனக்கு அறிமுகப்படுத்தியவள் ஒரு தோழி. முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தனக்கு ஆட்டிசம் இருப்பது அவளுக்கே தெரிந்தது. அலுவலகத்தில் ஏசியின் இரைச்சல், நான்கு பக்கமும் பேச்சு, தலைக்கு மேல் டியூப்லைட். பதினொரு மணிக்கெல்லாம் கை நடுங்கத் தொடங்கிவிடும், கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன்னைத்தானே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன் என்பாள். இப்போது சுடிதாருக்குள் ஹார்னெஸ் அணிந்துதான் வேலைக்குப் போகிறாள். அது என்ன செய்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இதைப் போட்டுக்கிட்டா என் உடம்பு எங்க முடியுது, வெளி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுது."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு நரம்பியல் இருக்கிறது என்பது, அதைத் தேடிப் படிக்கப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது.

நம் ஊர் கால்நடை மருந்தகங்களில் இரும்புக் குழாயால் செய்த ஒரு சட்டம் இருக்கும். ஊசி போடுவதற்காக மாட்டை அதற்குள் ஓட்டிவிட்டு முன்னும் பின்னும் கம்பியைப் போட்டுவிடுவார்கள். அமெரிக்கப் பண்ணைகளில் இருப்பது இன்னும் ஒரு படி மேல்: பக்கவாட்டுப் பலகைகள் இரண்டும் நெருங்கி வந்து மாட்டின் உடம்பை அழுத்திப் பிடிக்கும். 1960களில், அரிசோனாவில் தன் அத்தையின் பண்ணைக்கு விடுமுறைக்குப் போயிருந்த ஒரு பதின்வயதுப் பெண் இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மிரண்டுகொண்டு உள்ளே போகும் மாடுகளில் பல, பலகைகள் அழுத்தியதும் அடங்கிவிடுவதைக் கவனித்தாள். சில நாள் கழித்து, பயம் வந்து உடம்பெல்லாம் உதறிய ஒரு வேளையில், அந்தச் சட்டத்துக்குள் தானே போய் நின்றுகொண்டு, பலகைகளை இறுக்கச் சொல்லி அத்தையிடம் கேட்டாள். இறுக்கியதும் முதலில் உடம்பு விறைத்தது. பிறகு அலை வடிவதுபோல் பயம் வடிந்தது.

அந்தப் பெண்தான் டெம்பிள் கிராண்டின். 1947இல் பாஸ்டனில் பிறந்தவர். மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. யாராவது கட்டிக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கிய குழந்தை. ஆனால் யாராவது கட்டிக்கொண்டால் பேரலை வந்து மூழ்கடிப்பதுபோல் திணறித் திமிறிய குழந்தை. வேண்டும், ஆனால் தாங்க முடியாது என்ற இந்த நிலையை ஆட்டிசம் உள்ள பலரும் சொல்வார்கள். பள்ளிக்குத் திரும்பியதும் அவர் ஒட்டுப்பலகையைக் கொண்டு தனக்கென ஒரு கருவி செய்துகொண்டார். பின்னால் அது மெத்தை வைத்த இரண்டு சாய்பலகைகளாக, 'வி' எழுத்தின் வடிவத்துக்கு வந்தது. நடுவில் படுத்துக்கொண்டு ஒரு நெம்புகோலை நகர்த்தினால், காற்றழுத்தத்தால் பலகைகள் மெல்ல நெருங்கும். எவ்வளவு இறுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை உள்ளே இருப்பவரே தீர்மானிப்பார்.

மனநல ஆலோசகர்களுக்கு இது பிடிக்கவில்லை. விபரீதமான பழக்கம் என்று கருதி, அதை எடுத்துவிடப் பார்த்தார்கள். வில்லியம் கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியர் மட்டும் வேறு வழி காட்டினார்: இது ஏன் அமைதி தருகிறது என்று அறிவியல் முறையில் கண்டுபிடி, நூலகத்துக்குப் போ என்றார். ஆசிரியர் என்றால் இவரல்லவா! அந்தப் பெண் நூலகத்துக்குப் போனார், கால்நடை அறிவியல் படித்தார், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆழ்ந்த அழுத்தம் மனிதரையும் விலங்கையும் எப்படி அமைதிப்படுத்துகிறது என்று 1992இல் ஆய்விதழில் கட்டுரை எழுதினார்.

சரி, இறுக்கினால் ஏன் அமைதி வருகிறது? இறுக்கினால் பயமல்லவா வர வேண்டும்?

தொடுகை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் பல தனித்தனிப் புலன்களின் கூட்டம். சட்டைக் காலரின் லேபிள் கழுத்தில் உரசுவது ஒரு வகை. தாய் குழந்தையின் முதுகை மெதுவாக நீவிவிடுவது இன்னொரு வகை. அதற்கென்றே சி-டாக்டைல் என்ற மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில் நீவும்போதுதான் அவை நன்றாகத் துடிக்கும். மூன்றாவது, தோலைத் தாண்டித் தசை வரை அழுத்தும் ஆழ்ந்த அழுத்தம். ஹார்னெஸின் கதை இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

இதனோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இன்னொரு புலனும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கு நுனியைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்கள். கை எங்கே இருக்கிறது, மூக்கு எங்கே இருக்கிறது என்று யார் சொன்னது? தசைகளிலும் மூட்டுகளிலும் பதிந்திருக்கும் உணரிகள் சொல்லின. சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் இந்தப் புலனுக்கு 'புரோப்ரியோசெப்ஷன்' என்று பெயர் வைத்தார். தமிழில் உடலிட உணர்வு எனலாம். என் தோழி சொன்ன 'எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குது' என்ற எல்லைக்கோடு இந்தப் புலனும் ஆழ்ந்த அழுத்தமும் சேர்ந்து வரைவது. அவளைப் போன்றவர்களிடம் இந்தக் கோடு வெளியுலக இரைச்சலில் கலைந்துபோவதாகவும், வார் அதன்மேல் மறுபடி அழுத்தி வரைவதாகவும் நான் புரிந்துகொள்கிறேன்.

அழுத்தத்தை உணரும் மூலக்கூறு எது என்பது 2010 வரை தெரியாமலே இருந்தது. அர்டெம் படபூட்டியனின் ஆய்வகத்தில் செல்களை நுண்ணிய குழாயால் குத்திக் குத்தி, சந்தேகத்துக்குரிய மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார்கள். பட்டியலில் இருந்தவை 72. கடைசியாக அணைத்ததுதான் அந்த மரபணு! அழுத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பியெசோ-1 என்று பெயர் வைத்தார்கள். அதன் உறவான பியெசோ-2 தொடு நரம்புகளில் வேலை செய்வதாகத் தெரிந்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறவியிலேயே பியெசோ-2 வேலை செய்யாத இருவரைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வந்தது. கண்ணைக் கட்டிவிட்டால் அவர்களால் நடக்கவே முடியவில்லை. உடம்பு எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் தடுமாறினார்கள். அதிர்வு தெரியவில்லை, உள்ளங்கையில் மெல்லத் தொட்டால் தெரியவில்லை.

எனக்கு மிகவும் வியப்பளித்தது அடுத்து வந்த செய்தி. இப்படி பியெசோ-2 இல்லாதவர்களிடம் ஆழ்ந்த அழுத்தத்தைச் சோதித்தார்கள். அதை அவர்கள் நன்றாகவே உணர்ந்தார்கள்! 2021இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆழ்ந்த அழுத்தத்தை உணர வேகமான தடித்த நரம்பிழைகள் வேண்டும், பியெசோ-2 வேண்டியதில்லை. அப்படியானால் இதற்கென்று வேறொரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் நிற்கும் மூலக்கூறு எது என்று அப்போது அடையாளம் காணப்படவில்லை. மனிதன் துணியைக் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து பழகிய ஓர் உணர்வுக்கு இன்னும் முகவரி இல்லாமல் இருந்திருக்கிறது.

விலங்குகளிடம் இந்த அழுத்தம் எவ்வளவு ஆழத்தில் பதிந்திருக்கிறது என்பதற்குக் குதிரைக் குட்டியைவிட நல்ல சாட்சி இல்லை. சில குட்டிகள் பிறந்ததும் தாயை அடையாளம் தெரியாமல், பால் குடிக்கத் தெரியாமல், சுவரைப் பார்த்தபடி நிற்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜான் மேடிகன் என்ற கால்நடை மருத்துவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். கருப்பையில் துள்ளி ஓடிவிடாமல் இருக்கக் குட்டியைச் சில ஸ்டீராய்டுகள் மயக்கத்தில் வைத்திருக்கின்றன. பிறப்புப் பாதையின் இறுக்கம்தான் விழித்துக்கொள் என்று மூளைக்குச் சொல்கிறது. அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேராத குட்டி பிறந்தும் விழிக்காமல் இருக்கிறது என்றார். எனவே மென்மையான கயிற்றைக் குட்டியின் மார்பைச் சுற்றிச் சில வளையங்களாகப் போட்டு, சீராக இழுத்துப் பிடித்தார். கயிற்றாலான ஹார்னெஸ்தான். குட்டி மெல்லச் சரிந்து தூங்கிவிட்டது. இருபது நிமிடம், அதாவது பிறப்புப் பாதையில் கழியும் நேரம். கயிற்றை அவிழ்த்ததும் பல குட்டிகள் எழுந்து நேரே தாயின் மடியைத் தேடிப் போயின.

மனிதக் குழந்தைக்கும் இதுபோல் ஒன்று உண்டு. பச்சைக் குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு இரண்டு கைகளையும் விரித்துப் பதறும். எர்ன்ஸ்ட் மோரோ என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1918இல் விவரித்த அனிச்சைச் செயல் அது. அந்தப் பதற்றம் அடங்க, புடவையில் கட்டிய தூளி குழந்தையின் உடம்பை எல்லாப் பக்கமும் தழுவி நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வளர்ந்தவனுக்கு இப்படித் தழுவப்படும் தேவை முற்றாக மறைந்துவிடும் என்று நாம்தான் எண்ணிக்கொண்டோம்.

வாரின் பக்கம் வருகிறேன். நான் முதலில் வாங்கிய ஹார்னெஸ் தவறான தேர்வு. பார்க்க அழகாக இருந்தது, வார் மட்டும் இரண்டரை சென்டிமீட்டர் அகலம். அணிந்த அன்று மாலை தோளில் சிவந்த தடம். இடது கை மரத்துப்போயிருந்தது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பயணப்பெட்டியை எடைபோடும் கொக்கித் தராசை வாரில் மாட்டி, வழக்கமான இறுக்கம் வரும்வரை இழுத்தால் இரண்டு கிலோ காட்டியது. ஏறக்குறைய 20 நியூட்டன் விசை. வளைந்த பரப்பைச் சுற்றிய வார் தரும் அழுத்தம் எவ்வளவு என்றால், இழுவிசையை வாரின் அகலத்தாலும் வளைவின் ஆரத்தாலும் வகுத்தால் போதும். 94 செ.மீ. சுற்றளவுள்ள மார்பின் ஆரம் சுமார் 15 செ.மீ. ஐந்து செ.மீ. அகல வார் என்றால் அழுத்தம் 20 மி.மீ. பாதரசம். கால் வீக்கத்துக்கு மருத்துவர் எழுதித்தரும் இறுக்கமான காலுறை ஏறக்குறைய இந்த அளவில்தான் அழுத்தும். அதே இழுவிசையில் அகலத்தைப் பாதியாக்கினால் 40.

தோளில் கதை மாறுகிறது. அங்கே வளைவு சிறியது. ஆரம் ஐந்து செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அகல வாரிலேயே 60 வந்துவிடும். என் இரண்டரை செ.மீ. வாரில் 120! தோலின் நுண்குழாய்களில் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று யூஜின் லாண்டிஸ் 1930இல் அளந்தபோது, தமனிப் பக்கத்தில் கிடைத்தது சராசரியாக 32 மி.மீ. தான். அதைத் தாண்டி மணிக்கணக்கில் அழுத்தினால் அந்த இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்படும். தோளுக்குள் கைக்குப் போகும் நரம்புக் கற்றை வேறு இருக்கிறது. கனமான முதுகுப்பை சுமக்கும் படைவீரர்களுக்கு அது நசுங்கித் தோள் செயலிழப்பதை ராணுவ மருத்துவர்கள் நன்கறிவார்கள். மார்பு சரியான உருளையும் அல்ல, தோள் சரியான வளையமும் அல்ல. என் கணக்கு தோராயமானதுதான். ஆனாலும் தேர்வு செய்கிறவருக்கு இது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது: இறுக்கம் மார்பில் இருக்கட்டும், தோள்வார் அகலமாக, பஞ்சு வைத்து, மார்வாரைக் கீழே சரியாமல் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும்.

எலாஸ்டிக்கா, நீளாத வாரா என்பதும் சிறிய கேள்வி அல்ல. மூச்சை இழுக்கும்போது மார்பு விரிகிறது. நீளாத வார் அந்த விரிவை எதிர்த்து நிற்கும். ஒவ்வொரு மூச்சிலும் அழுத்தம் ஏறி இறங்கும். எலாஸ்டிக் விட்டுக்கொடுத்துப் போகும். சட்டை அணிந்த சில நிமிடங்களில் அதை நாம் மறந்துவிடுகிறோம், ஹார்னெஸை மறப்பதில்லை. மூச்சோடு மாறிக்கொண்டே இருக்கும் இந்த அழுத்தம்தான் காரணம் என்பது என் கணிப்பு. ஆனால் அதிகம் இறுக்கினால் மூச்சின் ஆழமே குறைந்துவிடும், பதற்றம் தணிவதற்குப் பதில் கூடிவிடும். அதனால் அளவு பார்ப்பது மூச்சை முழுக்க உள்ளிழுத்த நிலையில்தான்: அப்போதும் வாருக்கும் விலாவுக்கும் இடையில் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். நம் வெயிலுக்கு நைலான் வாரை நேரே தோலில் போட்டால் வியர்வையில் அரித்துவிடும். உள்ளே ஒரு பருத்தி பனியன் அவசியம்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? பெரிய ஆய்வுகள் நடந்திருப்பது எடைப் போர்வைகளை வைத்துத்தான். சுவீடனில் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றோடு தூக்கமின்மையும் உள்ள 120 பெரியவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சங்கிலி வைத்துத் தைத்த கனமான போர்வை, இன்னொரு பிரிவுக்கு லேசான போர்வை கொடுத்து நான்கு வாரம் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவில், கனமான போர்வையில் தூங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தூக்கமின்மை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. மற்றப் பிரிவில் அப்படிக் குறைந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் போர்வை கனமா லேசா என்பது மேலே போட்டதுமே தெரிந்துவிடும். எதிர்பார்ப்பின் பங்கை இத்தகைய ஆய்வில் முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. உப்சாலாவில் 26 இளைஞர்களிடம் நடத்திய இன்னொரு சோதனையில், கனமான போர்வையோடு படுக்கப் போனபோது மெலடோனின் சுமார் 30 சதவீதம் கூடுதலாகச் சுரந்தது.

குழந்தைகளிடம் கிடைத்த முடிவு வேறு. பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 67 குழந்தைகளிடம் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். எடைப் போர்வை தூக்கத்தைக் கூட்டவில்லை. குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் மாட்டிவிடும் எடை வைத்த மேலங்கிகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த 2009ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும் போதுமான ஆதாரம் இல்லை என்றே முடித்தது. இந்த முடிவுகளை மறைத்துவிட்டு ஹார்னெஸை மருந்துபோல் விற்கிறவர்களை நம்ப வேண்டாம். அதேசமயம் ஒரு வேறுபாட்டையும் நான் கவனிக்கிறேன். அந்த மேலங்கியை மாட்டிவிட்டது ஆசிரியரின் கை. கிராண்டினின் நெம்புகோலைப் பிடித்திருந்தது அவருடைய கை.

இது சின்ன வேறுபாடு அல்ல. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் எலிகளை வைத்து நடத்திய சோதனைகள் இதற்குப் பெயர்போனவை. இரண்டு எலிகளுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் மின்னதிர்ச்சி. ஓர் எலி மட்டும் ஒரு சக்கரத்தைத் திருப்பி அதை நிறுத்த முடியும். நிறுத்தினால் இரண்டுக்கும் நிற்கும். வலி இரண்டுக்கும் சமம். ஆனால் சக்கரம் இல்லாத எலியின் வயிற்றில்தான் புண்கள் அதிகம். என்ன நடக்கிறது என்பதைப் போலவே, அதை நிறுத்தும் வழி தன்னிடம் இருக்கிறதா என்பதையும் உடம்பு கணக்கில் வைத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு வாரையும் கட்டையும் பற்றி எழுதும் எவரும் ஏர்வாடியைக் கடந்துபோக முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அங்கே கட்டியவர்களும் பாதுகாப்புக்காகத்தான் கட்டினோம் என்று சொல்லியிருப்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளிகளை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை செய்கிறது.

சங்கிலிக்கும் என் சட்டைக்குள் இருக்கும் வாருக்கும் உள்ள தூரம் அந்தப் பிளாஸ்டிக் பக்கிள்தான். அது முன்பக்கம், அணிந்தவரின் விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. முதுகில் பக்கிள் வைத்த ஹார்னெஸை, எவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தாலும், இந்தத் தேவைக்கு வாங்காதீர்கள். கிராண்டினின் பழைய கருவி ஒருநாள் பழுதானபோது அவர் அதைச் சரிசெய்ய மெனக்கெடவில்லை. இப்போது மனிதர்களையே கட்டிக்கொள்கிறேன் என்று 2010இல் சொன்னார். தன் கையால் அளவு வைத்துப் பழகியதுதான் பிறர் கையின் இறுக்கத்தை ஏற்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அணிந்து பார்க்க நினைப்பவர்கள் முதல் நாள் இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அணிந்தபடி தூங்காதீர்கள், கழுத்தைச் சுற்றி எதுவும் வரக் கூடாது, கை மரத்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே கழற்றுங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயால் தோலின் உணர்வு குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். உயரத்தில் வேலை செய்பவர்கள் இதை ஒருபோதும் சேஃப்டி பெல்ட்டாக எண்ணிவிடாதீர்கள். விழும் உடம்பின் வேகத்தை இந்தத் தையல் தாங்காது. உங்கள் வீட்டில் வளர்ந்த மகனோ மகளோ இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டால், எதற்கு என்று முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுங்கள். முதல் முறை அணியும்போது உதவலாம். வாரை இழுத்து இறுக்குவதை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.